தாத்தா வீட்டு ஏட்டுக்கட்டு: படிக்க உதவுங்கள்

வணக்கம். தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பனையோலை ஏட்டுக்கட்டு கிடைத்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை. இரண்டு நாள் உற்றுப் பார்த்து ஒரு வரியைப் பிடித்தேன்: 'அந்தக் கரணம் அவற்றினொன் றன்று'. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம், 4-ஆம் சூத்திரம்! மனமும் புத்தியும் ஆன்மா அல்ல என்று சொல்லும் இடம். மூலத்துக்குக் கீழே பொடி எழுத்தில் உரை போல ஏதோ ஓடுகிறது. அச்சில் வந்த உரைதானா, வேறா? அந்தக் கேள்விதான் தூங்கவிடவில்லை.

சுவடி வாசித்துப் பழகியவர்கள் நான்கைந்து படங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது, தொட்டால் உதிர்கிறது. எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசச் சொல்கிறார்கள். இவ்வளவு நொறுங்கிய ஏட்டுக்கு அது சரியா? கயிற்றை இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை. சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குக் கொண்டுபோக எண்ணம். பேருந்தில் எப்படிப் பத்திரமாக எடுத்துப்போவது என்றும் சொல்லுங்கள்.