புதுப்பிப்பு: கூலன்ட் கசிவுக்குக் கடைசியில் உத்தரவாதத்திலேயே தீர்வு கிடைத்தது

உத்தரவாதக் காலம் முடியாத என் காரில் இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே வந்ததையும், டீலரின் சர்வீஸ் சென்டரில் மூன்று முறை விட்டும் ஒவ்வொரு முறையும் நிரப்பிவிட்டு, "கசிவே இல்லை" என்று திருப்பி அனுப்பியதையும் முன்பு எழுதியிருந்தேன்.

நான்காம் முறை கொடுப்பதற்கு முன், ஐந்து நாட்கள் காலையில் இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் தொட்டியின் அளவை ஓடோமீட்டர் கணக்கோடு படமெடுத்து வைத்தேன். கூலன்ட்டை இஞ்சினுக்குள் சுற்றவிடும் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையைச் சுற்றி, உப்புப் பூத்தாற்போல் இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தது. பம்பின் உள்ளே இருக்கும் சீல் பழுதானால் கூலன்ட் அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். சூட்டில் அங்கேயே காய்ந்துவிடுவதால் தரையில் சொட்டாமலும் போகலாம். தரையை மட்டும் பார்த்துவிட்டுக் கசிவில்லை என்று சொன்னதை இப்போதும் என்னால் ஏற்க முடியவில்லை.

செய்யவேண்டிய வேலையை சர்வீஸ் சென்டரில் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் "பொதுச் சோதனை" என்று எழுதியிருந்தார்கள். "வாட்டர் பம்பில் கசிவு, நான்காம் முறை" என்று திருத்தும்வரை நான் கையெழுத்திடவில்லை. அன்றே படங்களையும் பழைய ஜாப் கார்டுகளின் நகல்களையும் தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு நாளில் அழுத்தச் சோதனை நடந்தது, கசிவு உறுதியானது, பம்பைக் கட்டணமின்றி மாற்றித் தந்தார்கள். கழற்றிய பம்பைக் கையில் கொடுத்துக் காட்டிய மெக்கானிக்குக்கு என் மனமார்ந்த நன்றி.

அதன் பிறகு 600 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். கூலன்ட் அளவு தொட்டியிலுள்ள கோட்டிலிருந்து இறங்கவில்லை.