1913 இல் மத்திய ரிசர்வ் வந்த பின்னரும் அமெரிக்க வங்கிகள் முறிந்தது ஏன்?

கல்லடி மாணவி:
உயர்தர வரலாற்றுப் பாடத்துக்காகப் படிக்கிறேன். 1907 வங்கி நெருக்கடியின் பின் வங்கிகளைக் காக்கவென்றே 1913 இல் மத்திய ரிசர்வ் அமைப்பு (அமெரிக்காவின் மத்திய வங்கி) உருவாக்கப்பட்டிருந்தும், 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் முறிந்தது எவ்வாறு?

அக்கரைப்பற்று ஓய்வுநிலை ஆசிரியர்:
மகள், 1929 ஒக்டோபர் பங்குச்சந்தை வீழ்ச்சியிலிருந்து தொடங்கினால் இது விளங்காது. போர்க்கால வயலிலிருந்து தொடங்க வேண்டும். 1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியபின் அரசு கோதுமைக்குப் புசலுக்கு 2 டொலருக்கு மேல் உத்தரவாதம் அளித்தது. விவசாயிகள் கடன்பட்டு நிலமும் உழவு இயந்திரமும் வாங்கினர். 1920 இன் பிற்பகுதியில் விலை சரிந்தது, கடனோ அப்படியே நின்றது. அவர்களுக்குக் கடன் கொடுத்த சிற்றூர் வங்கிகள் இருபதுகளிலேயே முறியத் தொடங்கின. அவற்றுட் பெரும்பாலானவை ரிசர்வ் அமைப்பில் உறுப்புரிமை பெறாதவை என்பதால், அவசரத்துக்கு அதனிடம் நேரடியாகக் கடன்பெறும் வழி அவற்றுக்கு இருக்கவில்லை.

சம்மாந்துறை விவசாயி:
அந்தப் புசலை நம் நெல்லுப் புசலோடு குழப்ப வேண்டாம். கோதுமைப் புசல் ஏறத்தாழ 27 கிலோ, நமது 21 கிலோ அளவுதான். அறுவடை நேரம் விலை இறங்கி, அடகு வைத்த காப்பு மீளாமற் கிடப்பது எங்களுக்கும் புதிதல்ல.

கல்லடி மாணவி:
நன்றி சேர். பணம் வைப்பிலிட்டவர்களின் கதி என்ன?

அக்கரைப்பற்று ஓய்வுநிலை ஆசிரியர்:
1933 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாட்டின் எல்லா வங்கிகளையும் சில நாட்கள் மூடிவைத்து, நிலையானவற்றையே முதலில் திறக்க விட்டார். அவ்வாண்டுச் சட்டத்தின்படி, 1934 ஜனவரி முதல் ஒருவருக்கு 2,500 டொலர் வரை வைப்புக் காப்புறுதி கிடைத்தது. அதற்கு முன்னரே முறிந்த வங்கிகளில் பணம் வைத்திருந்தோர், சொத்துகள் விற்கப்படும்வரை காத்திருந்து கிடைத்த பங்கைப் பெற்றனர்.