வால்டர் டல்லை டாட்டன்ஹாம் ஒதுக்கியது நிறத்தாலா, ஆட்டத்தாலா?

எல்லைக்கோடு:
லண்டன் கால்பந்துக் கழகமான டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பரின் முதல் அணிக்காக வால்டர் டல் ஆடிய லீக் ஆட்டங்கள் 10, அடித்த கோல்கள் 2. 1888-இல் ஃபோக்ஸ்டனில் பிறந்தவர் அவர். கரீபியன் தீவான பார்படோசிலிருந்து வந்த கறுப்பினத் தச்சரான தந்தையையும் ஆங்கிலேயத் தாயையும் சிறுவயதிலேயே இழந்து, லண்டனில் பெத்னல் கிரீன் அனாதை இல்லத்தில் வளர்ந்தார். 1909-இல் கிளாப்டன் அணியோடு அமெச்சூர் கோப்பையை வென்ற கையோடு டாட்டன்ஹாமுக்கு வந்து, செப்டம்பரில் இங்கிலாந்து லீக்கின் உச்சப் பிரிவான முதற்பிரிவில் களம் கண்டார். அக்டோபர் 2 அன்று பிரிஸ்டல் சிட்டியின் மைதானத்தில் கூட்டத்தில் ஒரு பகுதியினர் அவருடைய நிறத்தைச் சொல்லி வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அதற்குப்பின் வெகுவிரைவில் அவர் ரிசர்வ் அணிக்குத் தள்ளப்பட்டார். 1911-இல் நார்தாம்ப்டன் டவுன் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஏச்சு தங்கள் அணியையும் சேர்த்துத் தாக்கும் என்று அஞ்சிய நிர்வாகம் அவரைக் கண்மறைவில் வைத்தது என்பதே என் கருத்து.

கோல்கம்பம்:
எல்லைக்கோடு அவர்களே, முன்னது நடந்தது, பின்னது நடந்தது, ஆகவே முன்னதால் பின்னது நடந்தது என்கிறீர்கள். இதே கழகம்தான் ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே அவரை அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் சுற்றுப்பயணம் அழைத்துச் சென்றது. ஒப்பந்தத்துக்கு 10 பவுண்டும் வாரச் சம்பளமாக அன்றைய உச்சவரம்பான 4 பவுண்டும் கொடுத்தது. டாட்டன்ஹாம் அந்த ஆண்டுதான் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்திருந்தது. கடைசி ஆட்டத்தில் செல்சியை 2-1 என்று வென்றுதான் மறுபடி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படுவதிலிருந்து தப்பியது. வெற்றிக் கோலை அடித்த பெர்சி ஹம்ஃப்ரீஸ், டல் ஆடிய அதே உள்முன்கள இடத்துக்காகச் செல்சியிலிருந்தே கொண்டுவரப்பட்டவர். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது அமெச்சூர் களத்திலிருந்து வந்த இளைஞரை உட்காரவைத்து, அனுபவசாலியை இறக்காத மேலாளர் யார்? நிறம்தான் தடை என்றால், கறுப்பின வீரரான வில்லி கிளார்க் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆஸ்டன் வில்லாவுக்காக முதற்பிரிவில் ஆடியது எப்படி?

எல்லைக்கோடு:
நீங்கள் அடுக்கிய சலுகைகள் எல்லாம் பிரிஸ்டலுக்கு முந்தியவை. என் கேள்வியோ அதற்குப் பிந்தியது. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டல்லை வீழ்த்தியதால் டாட்டன்ஹாமுக்குப் பெனால்டி கிடைத்தது. எதிரணித் தடுப்பாளர் தவறான இடத்துக்கு நகரும் வரை ஒரு கணம் காத்திருந்து பந்தைக் கடத்தும் அவருடைய நிதானத்தை டெய்லி குரோனிக்கிள் நாளிதழ் வியந்து எழுதியது. பிராட்ஃபோர்டு சிட்டிக்கு எதிராகக் கோலும் அடித்தார். சில வாரங்களுக்குள் இந்த வீரர் எதற்கும் உதவாதவராக ஆகிவிட்டாரா? கிளார்க் வேறு கழகத்தில் ஆடினார் என்பது இந்தக் கழகத்தின் துணிச்சலுக்குச் சான்றாகாது.

கோல்கம்பம்:
உதவாதவர் என்று நான் சொல்லவில்லை. பிரிஸ்டல் ஆட்டத்தைப் பற்றி ஃபுட்பால் ஸ்டார் இதழ் எழுதியதை எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். டல்லின் நடத்தை வெள்ளை வீரர்களுக்கே முன்மாதிரி என்று அந்தச் செய்தியாளர் எழுதினார். களத்தின் சிறந்த முன்கள வீரர் அவர்தான் என்றும் சொன்னார். ஆனால் அந்தப் பாராட்டைத் திறமையைப் பொறுத்தவரை என்று வரம்பிட்டு, சாதித்ததைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாவிட்டாலும் என்ற பொருளில் ஒரு வால் சேர்த்தார். ஏசியவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் கொண்ட கூட்டத்தில் சிலரே என்பதும் அவர் எழுதியதுதான். திறமை கோலாக விளையாவிட்டால் முன்கள வீரருக்கு இடம் நிலைக்காது.

எல்லைக்கோடு:
சிலர் கத்தினால் போதாதா? இருபதாயிரம் பேரும் சேர்ந்து கத்தினால்தான் நிர்வாகம் கலங்குமா? அவரை நீக்கியதற்கு ஆட்டத்திறன்தான் காரணம் என்று அன்று கழகமே சொன்னதாகக் காட்டுங்கள்.

பழம்பதிவு:
இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. நார்தாம்ப்டனை விட்டுவிட்டு இந்த வழக்கு முடியாது. அங்கே அவரை வாங்கியவர் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன். தாமே டாட்டன்ஹாமில் முன்கள வீரராக ஆடியவர், பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்செனலையும் முதலிடத்துக்கு ஏற்றியவர், வீரர்களை எடைபோடுவதில் பிசகாதவர். அவரிடம் டல் முதலில் முன்களத்தில் ஆடினார். பிரிஸ்டல் ரோவர்சுக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் 4 கோல்கள் அடித்தார். ஆனாலும் அவருக்கு நிலைத்த இடம் முன்களத்துக்குப் பின்னே, நடுக்களத்தில்தான் கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் பத்தைத் தொடவில்லை. காத்திருந்து பந்தைக் கடத்தும் அந்த நிதானம் நடுக்கள வீரருக்குரிய குணம். டாட்டன்ஹாம் அவரைத் தவறான இடத்தில் ஆடவைத்துத் தவறாக மதிப்பிட்டது என்று நான் வாசிக்கிறேன்.

கோல்கம்பம்:
பழம்பதிவு சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. போதாக்குறைக்கு, நார்தாம்ப்டன் ஆடியது சதர்ன் லீக்கில். அது முதற்பிரிவு அல்ல.

எல்லைக்கோடு:
சேர்க்கவில்லை. ஓர் இடத்தில் சோபிக்காத வீரரை வேறிடத்தில் ஆடவைத்துப் பார்க்கும் பொறுமையைச் சாப்மன் காட்டினார். டாட்டன்ஹாம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவரை ரிசர்வில் வைத்திருந்தும் அதைக் காட்டவில்லை. அந்தப் பொறுமை ஏன் இல்லாமற்போனது என்பதற்கு ஹம்ஃப்ரீசின் வருகை விடையாகாது.

பழம்பதிவு:
ராணுவத்தையும் இதற்குச் சாட்சியாக இழுப்பவர்கள் இருப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1914 டிசம்பரில் டல் மிடில்செக்ஸ் படைப்பிரிவின் கால்பந்துப் பட்டாலியனில் சேர்ந்தார். வெள்ளையரல்லாதவர் அதிகாரி ஆவதற்கு எதிரான ராணுவ விதிகளையும் மீறி 1917-இல் அதிகாரியானார். 1918 மார்ச் 25 அன்று பிரான்சில் 29 வயதில் கொல்லப்பட்டார். அந்த விதி ராணுவத்தின் மனநிலைக்குச் சான்று. டாட்டன்ஹாம் 1909-இல் என்ன நினைத்தது என்பதை அதைக் கொண்டு நிறுவ முடியாது.