‘லாங் கோவிட்’: ‘நெடுங்கோவிட்’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

கோவிட் தொற்றுக்குப் பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் உடல்நலக் குறைவை ஆங்கிலத்தில் ‘லாங் கோவிட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் ஐயா முன்வைத்த ‘கோவிட் பிந்தைய நிலை’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வரையறையின் பெயரை ஒட்டி அதை அமைத்திருக்கிறார். அந்த வகையில் பிழையில்லை. ஆனால் நோயுற்றவர்கள் அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். 2020 மே மாதம் இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் எலிசா பெரேகோ தம் உடல்நிலை பற்றி ட்விட்டரில் எழுதும்போது இட்ட குறிச்சொல்தான் ‘லாங் கோவிட்’. லேசான தொற்று என்றால் இரண்டு வாரத்தில் குணமாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்பட்ட காலம் அது. எங்களுக்கு இன்னும் தீரவில்லை என்று சொல்லவே அந்தப் பெயர் பிறந்தது. ‘பிந்தைய’ என்று எழுதிய உடனே நோய் தீர்ந்துவிட்டதாகப் பொருள் வந்துவிடுகிறதே!

‘நெடுங்கோவிட்’ என்பதே என் பரிந்துரை. நெடுங்காலம், நெடுங்கணக்கு போல இயல்பாகப் புணர்கிறது. நாளிதழ்களில் வரும் ‘நீண்டகால கோவிட்’ விளக்கமாக நிற்கிறதே தவிர, பெயராக ஒட்டவில்லை. ‘நாட்பட்ட’ என்பது சர்க்கரை நோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பொதுவான அடைமொழி. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அறிகுறிப் பட்டியலில் உள்ள ‘சோர்வு’. நோயாளி மாடிப்படி ஏறுகிறார், குளிக்கிறார், அரை மணி நேரம் தொலைபேசியில் பேசுகிறார். அப்போது ஒன்றும் தெரிவதில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையைவிட்டு எழ முடியாமல் போகிறது. இதற்குச் சோர்வு என்று பெயரிட்டால், ‘கொஞ்சம் நடந்தால் தெம்பு வரும்’ என்று வீட்டாரே கிளப்பிவிடுவார்கள். நோயாளிக்குக் கேடு விளைவிப்பதே அதுதான். உழைப்புக்குப் பின், தாமதித்து வரும் இந்த வீழ்ச்சியைப் ‘பின்சரிவு’ என்று தனியே குறிக்க வேண்டும். நினைவும் கவனமும் மங்கும் அறிகுறிக்கு ‘மூளை மூடுபனி’ வேண்டாம், ‘மனமூட்டம்’ போதும்.

அடுத்தது முகக்கவசம். துணியில் தைத்தது, அறுவை சிகிச்சையில் அணிவது, என்-95 ஆகிய மூன்றையும் இந்த ஒரே சொல்லால் சுட்டுகிறோம். ‘முகக்கவசம் அணிந்தும் தொற்றிவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் எதை அணிந்திருந்தார் என்பதே தெரிவதில்லை. அறுவை சிகிச்சைக் கவசம் முதன்மையாக அணிபவரின் எச்சில் துளிகளைத் தடுக்க வந்தது. கன்னத்தோரம் இடைவெளி விடும். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால் மூச்சு வடிகட்டப்படாமல் மேல்வழியாகப் போகிறது என்று பொருள். என்-95 தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகளால் இழுக்கப்பட்டு, மூக்கின் மேல் தகடு அழுந்த, முகத்தோடு ஒட்டி நிற்பது. அதன் இழைகளில் மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது. சோதனையில் நுண்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுத்தாக வேண்டும். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். அணிபவரையே காக்கும் இந்த வகையை ‘மூச்சுக்கவசம்’ என்று பிரித்துச் சொல்லலாம். ‘சுவாசக் கருவி’ என்ற முன்மொழிவு சரிவராது. அந்தச் சொல் ஏற்கெனவே வென்டிலேட்டருக்கு வழங்குகிறது.

நெடுங்கோவிட், முகக்கவசம் இரண்டையும் ஒரே மடலில் எழுதக் காரணம் உண்டு. தடுப்பூசி நெடுங்கோவிட் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது, முற்றிலும் நீக்குவதில்லை. தொற்றாமல் பார்த்துக்கொள்வதே உறுதியான வழி. அதற்குத் தகுந்த கவசம் வேண்டும்.

தொழிற்சாலைகளில் நச்சுவளிக்கு அணியும் வகைக்கும் ‘மூச்சுக்கவசம்’ பொருந்துமா என்பதைத் தொழிற்பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.