புதுப்பிப்பு: அந்த கிரெடிட் பஞ்சாயத்து, பாதி முடிந்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்த மாணவியின் ஒரு பாடத்தை எங்கள் துறை ஏற்க மறுக்கிறது, சர்வதேச அலுவலகத்தில் இருக்கும் நான் நடுவில் மாட்டிக்கொண்டேன் என்று.

சிக்கல் பாடத்தில் இல்லை, கணக்கில். அங்கே ஒரு கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் புள்ளி) என்றால் வகுப்பு, சொந்தமாகப் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேரம். முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். பேராசிரியர் வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணி, "இது பாதிப் பாடம்தானே" என்றிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் விளக்கவில்லை (நானும்தான்). பாடத்திட்டத்தை அச்செடுத்துப் போய் இருவரும் வாரவாரியாக ஒப்பிட்டோம். எட்டாவது வாரத்திலேயே பேனாவை மூடிவிட்டார். "சரி, கொடுத்துடலாம்."

அங்கே வாங்கிய மதிப்பெண்ணை எங்கள் முறைக்கு மாற்றுவது இன்னும் இழுக்கிறது. அங்கே எந்தப் பாடங்களைப் படிப்பாள் என்று கிளம்பும் முன் கையெழுத்தான படிப்பு ஒப்பந்தத்தில் இந்தப் பாடமே இல்லை. போன இடத்தில் மாற்றிக்கொண்டாள், திருத்தப் படிவம் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்து போகிறவர்களிடம் பாடம் மாறிய வாரமே வாங்கிவிடுவேன். தேர்வுப் பிரிவு பதில் சொன்னதும் எழுதுகிறேன்.