கடலோர ஊரில் ஃபாண்டன்ட் கேக் வியர்ப்பது ஏன்?

கேள்வி – மஞ்சக்குப்பத்து அம்மா

அனைவருக்கும் கடலூரிலிருந்து வணக்கம். வரும் ஐப்பசியில் என் மகளின் முதல் பிறந்தநாளையும் காதுகுத்தையும் சேர்த்துப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மண்டபத்தில் வைத்திருக்கிறோம். கேக்கை நானே செய்வதாக வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டேன். கீழே 8 அங்குலம், மேலே 6 அங்குலம் என இரண்டு அடுக்கு, வெள்ளை ஃபாண்டன்ட் (தகடாகத் தேய்த்த சர்க்கரைப் பிசைவு) போர்வை, அடியில் சிவப்புப் பட்டுக்கரை, உச்சியில் ஒரு யானைக்குட்டி என்பது திட்டம்.

ஒத்திகையாகச் சென்ற வாரம் 6 அங்குலக் கேக் ஒன்றில் விப்பிங் கிரீம் பூசி, ஃபாண்டன்ட் போர்த்தி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்தபோது வழுவழுவென்று அழகாக இருந்த கேக், மேசைமேல் வைத்த அரை மணி நேரத்தில் முத்துமுத்தாக வியர்த்து, சிவப்புக் கரை வெள்ளையில் வழிந்து, யானையின் தும்பிக்கையும் கழன்று விழுந்துவிட்டது. 'யானையைக் கெடிலத்தில் குளிப்பாட்டிக் கூட்டி வந்தாயா?' என்று என் மாமியார் கேட்டதை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் முட்டை சாப்பிடமாட்டார். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது என்று தெரிந்ததிலிருந்து அதையும் தொடமாட்டேன் என்கிறார். மழைக்காலத்தில் இந்தக் கேக்கைக் கரைசேர்க்க வழி உண்டா?

பதில் – முத்தியால்பேட்டை அடுப்பங்கரை

சகோதரிக்கு வணக்கம். புதுநன்மை, திருமண நாள், அறுபதாம் கல்யாணம் என்று பல ஆண்டுகளாக வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். தொடக்கத்தில் நான் கெடுத்த கேக்குகளும் இதே விதத்தில்தான் கெட்டன. ஃபாண்டன்ட் என்பது அடிப்படையில் பிசைந்த சர்க்கரை. சர்க்கரை எங்கே ஈரம் கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளும். நீங்களோ அதற்கு உள்ளிருந்து விப்பிங் கிரீமின் நீரையும், வெளியிலிருந்து காற்றின் நீரையும் ஒருசேரக் கொடுத்திருக்கிறீர்கள்.

விப்பிங் கிரீமை விட்டுவிட்டு, சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷுக்கு மாறுங்கள். கறுப்புச் சாக்லேட் என்றால் 2 பங்கு சாக்லேட்டுக்கு 1 பங்கு ஃப்ரெஷ் கிரீம்; வெள்ளைச் சாக்லேட் என்றால் 3 பங்குக்கு 1 பங்கு; புழுக்கமான நாள்களில் சாக்லேட்டைச் சற்றுக் கூட்டலாம். உங்கள் போர்வை வெள்ளை என்பதால் வெள்ளைச் சாக்லேட்டே நல்லது, கறுப்பு கீழிருந்து நிழலாகத் தெரியும். முதல் நாள் மாலை பூசி, ஓரங்களைச் சுரண்டி நேராக்கி, இரவு இறுகவிட்டால், மறுநாள் ஃபாண்டன்ட் சுவரில் ஒட்டிய காகிதம்போல் நிற்கும். வெண்ணெய்க் கிரீமும் கூடாது என்றில்லை. ஆனால் நம் வெயிலில் வெண்ணெய் இளகிப் போர்வையைக் கீழே தள்ளி, அடியில் தொப்பை போட வைத்துவிடும்.

கேக்கும் கனமாக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு இங்கே பல வீடுகளில் செய்யும் விவிக்கம் கேக்கைப் பாருங்கள்: ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய பழங்கள் என்று அடர்த்தியாக இருப்பதால் ஃபிரிட்ஜ் இல்லாமலேயே நாள்கணக்கில் நிற்கிறது. அதையே செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை, குழந்தையின் விழா. தயிரோ கண்டன்ஸ்டு மில்க்கோ சேர்த்த முட்டையில்லாத கேக்கே போதும். சர்க்கரைப்பாகை மட்டும் தாராளமாக ஊற்றாதீர்கள், நடுவில் பழத்துண்டு வைக்காதீர்கள். போர்த்திய பிறகு ஃபிரிட்ஜ் பக்கமே போக வேண்டாம்; ஏசி அறையில் ஓரிரவு வைத்தால் போதும்.

பதில் – திருப்பாப்புலியூர் வாசகி

முந்தைய பதிலில் ஃபிரிட்ஜ் பற்றிச் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. எங்கள் வீட்டில் ஏசி இல்லை. அடைமழையில் கனாஷ் கேக்கை இரவு முழுவதும் வெளியே வைக்க மனம் ஒப்பவில்லை. கேக்கை அட்டைப்பெட்டியில் வைத்து, இடைவெளிகளை டேப் ஒட்டி மூடி, பெட்டியோடு ஃபிரிட்ஜில் வைப்பேன். எடுத்த பிறகு மூன்று, நான்கு மணி நேரம் பெட்டியைத் திறக்காமல் விட்டுவிட்டால், வியர்வை பெட்டிக்கு வெளியே படிகிறது, கேக் தப்பிவிடுகிறது. ஆவலில் இடையே திறந்து பார்த்தவர்களுக்குத்தான் ஆபத்து. நானும் ஒரு முறை திறந்து பார்த்தேன்.

பதில் – கெடிலக்கரை

நான் கேக் செய்பவன் அல்லன். குளிர்சாதன வேலை பார்ப்பவன். வீட்டில் மனைவி கேக் செய்வாள், பெட்டி சுமப்பது என் பங்கு. இருவர் சொல்வதும் ஒரே கணக்கில் அடங்கும். காற்றின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பனிபடும் நிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளை அந்தக் காற்றில் வைத்தாலும், மோர்ச் செம்பு வியர்ப்பதுபோல வியர்த்தே தீரும். ஃபிரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் வரும் கேக் கொட்டும் மழையாக வியர்ப்பதும், பெட்டிக்குள்ளேயே மெல்லச் சூடேறிய கேக் வியர்க்காததும் இதனால்தான்.

ஏசி அறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏசியை 20 டிகிரியில் ஓட்டிவிட்டு, அங்கிருந்து கேக்கை நேராக ஏசியில்லாத மண்டபத்துக்குக் கொண்டுபோனால், அங்கும் அது வியர்க்கும், குறைவாகத்தான் என்றாலும். ஆகவே ஏசியை 26 அல்லது 27இல் வைத்து, கார் ஏசியையும் அதே அளவில் வைத்து, மூடிய பெட்டியிலேயே கொண்டுசெல்லுங்கள். மண்டபத்திலும் ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். மண்டபத்தில் ஏசி உண்டா என்பதை இன்றே கேட்டுவிடுவது நல்லது.

மஞ்சக்குப்பத்து அம்மா

மூவருக்கும் நன்றி. மண்டபத்தில் கேட்டேன், மின்விசிறி மட்டும்தானாம். ஜெலட்டின் பற்றியும் அந்த யானை பற்றியும் யாராவது சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

பதில் – முத்தியால்பேட்டை அடுப்பங்கரை

மின்விசிறி மட்டும் என்றால் கெடிலக்கரை ஐயா சொன்னபடியே செய்யுங்கள். என் வாடிக்கையையும் நான் மாற்றிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

கடையில் வாங்கும் ஃபாண்டன்ட் டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் மாமியாருக்கு அது போதும். வீட்டிலேயே செய்வதானால் ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசி (அகர் அகர்) சேர்க்கலாம்; ஜெலட்டினை ஊறவைத்து இளஞ்சூட்டில் கரைத்தால் போதும், கடற்பாசியோ கொதித்தால்தான் முழுவதும் கரையும் என்பதை மறந்துவிடாதீர்கள். மார்ஷ்மெல்லோவை உருக்கிச் செய்யும் முறை வேண்டாம், அதில் பெரும்பாலும் ஜெலட்டின்தான் இருக்கும். எந்த முறையானாலும் மழைக்காலத்தில் கிளிசரினைப் பாதியாகக் குறையுங்கள், அதுவும் ஈரத்தை இழுக்கும்.

8 அங்குல அடுக்கு 4 அங்குல உயரம் என்றால், மேற்பரப்புக்கு 8, இரு பக்கங்களுக்கும் 8 எனப் போர்வையின் குறுக்களவு 16 அங்குலம். பிடிமானத்துக்கு இன்னும் ஓரிரு அங்குலம் சேர்த்து, 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் தேய்க்க வேண்டும். அதற்கு 700 முதல் 800 கிராம் ஃபாண்டன்ட் ஆகும். பலகையில் ஒட்டாமலிருக்கச் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தூவுங்கள். அளவு மீறினால் போர்வை வறண்டு, யானைத்தோல்போல் சுருங்கும்.

உங்கள் யானைக்கு வருகிறேன். 250 கிராம் ஃபாண்டன்டுக்கு அதை விறைப்பாக்கும் சிஎம்சி பொடி ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பிசைந்து, விழாவுக்கு ஐந்தாறு நாள் முன்பே செய்து, ஏசி அறையில் காயவிடுங்கள். தும்பிக்கைக்குள் சமைக்காத ஸ்பகெட்டிக் குச்சி ஒன்றைச் செருகுங்கள். பல்குத்தும் குச்சி வேண்டாம், குழந்தைகள் யானையைத்தான் முதலில் வாயில் வைப்பார்கள். சிவப்பை நீங்களே கலந்தால் அடர்நிறம் வருவதற்குள் ஃபாண்டன்ட் குழைந்துவிடும், ஆயத்தமாகக் கிடைக்கும் சிவப்பு ஃபாண்டன்டையே வாங்குங்கள். கரையையும் வீட்டில் ஒட்ட வேண்டாம். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் வழியாக வரும் சாலையில் எத்தனை வேகத்தடை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு அடுக்குகளையும் தனித்தனிப் பெட்டியில் கொண்டுவந்து, கீழடுக்கில் தாங்குகுச்சி செருகி, மண்டபத்திலேயே மேலடுக்கை ஏற்றுங்கள். பிறகு தூரிகையை நீரில் தொட்டும் தொடாமலும் தடவிக் கரையை ஒட்டி, கடைசியாக யானையை ஏற்றிவிடுங்கள்.