மறு: ‘ஜெனரலைஸ்ட் அதர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள ஐயா,

நம் சமூகவியல் கலைச்சொல் பட்டியலில் ‘ஜெனரலைஸ்ட் அதர்’ என்பதற்கு நேராக ‘பொதுமைப்படுத்தப்பட்ட பிறர்’ என்று இருப்பதைப் பார்த்தேன். பிழை சொல்ல முடியாது. வகுப்பில் சொன்னால் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். தங்களுக்குள்ளேயே இருக்கும் ஒன்றைப் பற்றிய பேச்சு என்று மட்டும் தோன்றாது.

இந்தச் சொல்லைத் தந்த அமெரிக்கச் சிந்தனையாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் சிகாகோவில் நடத்திய பாடங்கள் அவர் இறந்தபின், 1934இல், மாணவர் குறிப்புகளிலிருந்து நூலாயின. அதில் வரும் சிறு குழந்தை தானே போலீஸாகித் தன்னையே பிடிக்கிறது, தனக்குத் தானே கடிதம் தருகிறது. ஒரு வேடம் போனால்தான் அடுத்த வேடம். பேஸ்பாலில் அது செல்லாது. பந்தை எடுக்க ஓடுகிறவன் தன் அணியின் மற்ற எட்டுப் பேரும் என்ன செய்வார்கள் என்பதையும் மனத்தில் வைத்தே ஓட வேண்டும். இப்படி எல்லோருடைய எதிர்பார்ப்பும் திரண்டு உள்ளே குடியேறும்போதுதான் ‘தான்’ முழுமையாகிறது என்றார் மீட். தன்னுணர்வு முதலில், சமூகம் அப்புறம் என்ற வரிசையையே திருப்பிப் போட்டுவிட்டார்.

உள்ளே குடியேறிய அந்தக் கூட்டம்தான் ‘ஜெனரலைஸ்ட் அதர்’. அதற்கு நம் வீடுகளில் பெயர் உண்டு. ‘நாலு பேர் என்ன சொல்வாங்க?’ யார் அந்த நாலு பேர் என்று கேட்டால் என் அம்மாவால் ஒருவரைக்கூடப் பெயர் சொல்லிக் காட்ட முடியாது! எனவே என் பரிந்துரை ‘நாலுபேர்’: சேர்த்து எழுதி, ஒருமையாக. ‘விளையாட்டின் வழியே குழந்தைக்குள் நாலுபேர் உருவாகிறது.’

முதலில் ‘ஊர்’ என்றுதான் யோசித்தேன். ஊர் வேறு, சேரி வேறு என்று பேசும் இடத்தில் அது எல்லோரையும் அடக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

(‘தான்’ என்பதை மீட் ‘ஐ’, ‘மீ’ என்று இரண்டாகப் பிரிக்கிறாரே, அதைத் தமிழில் ‘நான்’, ‘என்னை’ என்பதா என்ற சிக்கல் தனி மடலில். ‘என்னையை’ என்று எழுதிப் பார்த்தேன், வாசித்தால் எண்ணெயாகிவிடுகிறது.)

---

அன்புத் தம்பிக்கு,

சொல் பிடித்திருக்கிறது, ஆனாலும் உறுத்துகிறது. நம் நாலு பேர் பழி சொல்ல மட்டுமே வருகிறார்கள். மீட்டின் ஆட்டத்தில் அவர்கள் பந்தை யாருக்கு எறிவது என்றும் காட்டித் தருகிறார்களே.

இன்னொன்று. ஊரை விட்டதற்குச் சொன்ன காரணம் இதற்கும் பொருந்தும். எந்தத் தெருவின் நாலு பேர்? அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம்மை இகழ்ந்து பார்ப்பவர்களின் கண் வழியாகவே தம்மைப் பார்க்க நேர்கிறது என்று அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸ் 1897இலேயே எழுதினார். ‘டபுள் கான்ஷியஸ்னெஸ்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஒருவருக்குள் இரண்டு கூட்டம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தால் ஒருமை எப்படிச் சரியாகும்?

---

ஐயா,

பழி மட்டுமில்லையே. ‘நாலு பேரைக் கேட்டுச் செய்’ என்றும் சொல்கிறோம். கடைசியில் தூக்கிப் போகவும் நாலு பேர் வேண்டும்.

இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘பிறர்’ என்று எழுதியிருந்தபோது எந்தத் தெரு என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டியலில் ‘நாலுபேர்’ சேர்க்கிறேன், ஒருமை என்ற குறிப்பை எடுத்துவிட்டு. டு பாய்ஸுக்கு ‘இரட்டை நனவு’ போதுமா? ‘அன்கான்ஷியஸ்’ என்பதற்கு ‘நனவிலி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், ‘கான்ஷியஸ்னெஸ்’ என்பதற்கு ‘பிரக்ஞை’ வேண்டாமென்று நினைக்கிறேன்.